அப்பா போனில் கட்டிய வீடு

வீடுகளுக்கு இன்டீரியர் செய்து தருவது இப்போது என் தொழில். சென்னையில் புதிதாக ஃபிளாட் வாங்கியவர்கள் செல்போனில் சேர்த்து வைத்த படங்களோடு வந்து உட்கார்ந்து, எல்லாரும் செய்கிற தப்பு என்னவென்று முதலில் சொல்லிவிடுங்கள் என்பார்கள். வாசலை அளக்காமல் சோபா வாங்காதீர்கள், மேற்கு வெயிலை யோசிக்காமல் கண்ணாடி வைக்காதீர்கள், சமைக்கிறவருக்குக் கை எட்டுமா என்று பார்க்காமல் அலமாரி அடிக்காதீர்கள் என்று நானும் சொல்வேன். ஏதோ கல்லூரியில் படித்தது போலத்தான் சொல்வேன். உண்மையில் இந்தத் தப்புகள் அத்தனையையும் ஒரே வீட்டில் செய்து முடித்த குடும்பம் எங்களுடையது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

படவேட்டுக்குப் பக்கத்து ஊர். ஜவ்வாது மலை எங்களுக்கு மேற்கே. அப்பா மஸ்கட்டில் ஒரு பர்னிச்சர் கடையின் டெலிவரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பெரிய பெரிய பங்களாக்களுக்குக் கட்டிலும் சோபாவும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார். பொருளை இறக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் பார்த்த வீடுகள்தான் வெள்ளிக்கிழமை தோறும் போன் வழியாக எங்களிடம் வந்தன. சுவர் பூராவும் கண்ணாடி ஜன்னல். கூரை வரைக்கும் அலமாரி வைத்த சமையலறை. சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிற விளக்கு. அவர் தங்கியிருந்த அறையைப் பற்றி மட்டும் அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அவர் சொல்லச் சொல்ல சித்தப்பா இங்கே வீட்டைக் கட்டினார். அம்மாவுக்குச் சில இடங்களில் சந்தேகம் வரும். "அவ்ளோ ஒசரத்துல அலமாரி வெச்சா நா எப்புடிங்க எடுக்கிறது?" என்று போனில் கேட்பாள். அந்தப் பக்கத்திலிருந்து அப்பா ஏதோ ஆசையாகச் சொல்லிக்கொண்டே போவார். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் இளகிவிடும். "செரிங்க, நீங்க சொல்ற மாதிரியே செஞ்சிடலாம்" என்று முடித்துவிடுவாள்.

சோபா வேலூரிலிருந்து சின்ன லாரியில் வந்தது. கருஞ்சிவப்பு ரெக்சின். சித்தப்பாவும் இன்னும் சிலரும் நேராகத் தூக்கிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், செங்குத்தாக நிறுத்திப் பார்த்தார்கள். வாசலுக்குள் அது நுழையவில்லை. கடைசியில், மலை தெரிய வேண்டும் என்று அப்பா ஆசையாகக் கேட்டு வைத்த பெரிய ஜன்னலின் வழியாகத்தான் உள்ளே போயிற்று. நல்ல வேளையாக அதற்கு இன்னும் கண்ணாடி மாட்டியிருக்கவில்லை. ஆக, அந்த ஜன்னல் வழியாக எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது மலை இல்லை, சோபா. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. அப்பாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு வாசலில் சோபா நுழைக்கிறவர் ஆயிற்றே.

சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்தார். குடி போனோம். அப்புறம்தான் வீடு தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. மத்தியானம் சாய்ந்ததும் வெயில் அந்தக் கண்ணாடி வழியாக நேரே கூடத்துக்குள் இறங்கும். ரெக்சினில் உட்கார்ந்து எழுந்தால் தொடைத் தோல் கூடவே பிய்த்துக்கொண்டு வருவது போல இருக்கும். அம்மா ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு பெட்ஷீட்டைக் கட்டினாள். சோபாவின் மேல் பழைய புடவையை விரித்தாள். பிறகு சோபாவின் கால்மாட்டில் தரையிலேயே உட்கார்ந்து பூ கட்டினாள். மேல் அலமாரியில் இருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, அடுப்பு மேடைக்கு அடியில் குடியேறின. மேலே இருந்த அலமாரித் தட்டுகள் காலியாகவே பளபளத்தன. அம்மா சனிக்கிழமைகளில் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, ஒன்றுமில்லாத அந்தத் தட்டுகளைத் துடைப்பாள்.

என் பள்ளிக்கூடத்து முழுப் பரீட்சை லீவில் அப்பா வந்தார். அவர் வருவதற்கு முந்தின நாள் அம்மா பெட்ஷீட்டை அவிழ்த்து மடித்தாள். புடவையை எடுத்தாள். டப்பாக்களை எல்லாம் திரும்ப மேலே ஏற்றினாள். "அப்பா கிட்ட எதையும் சொல்லக் கூடாது, இன்னா?" என்று என்னிடம் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவரு மனசுல ஒரு வூடு இருக்குது. அதுலதான் வந்து எறங்கணும்" என்றாள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. சரி என்றேன்.

அப்பா வந்தார். தான் கட்டிய வீட்டை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். குளியலறை விளக்கின் சுவிட்ச் எது என்று என்னிடம் கேட்டார். சொந்த வீட்டில் சுவிட்ச் தெரியாத ஆளை நான் பார்த்ததே இல்லை, விழுந்து விழுந்து சிரித்தேன். மேசையிலிருந்து எழும்போதெல்லாம் தொங்குவிளக்கு அவர் நெற்றியில் இடித்தது. வீட்டின் ஒவ்வொரு மூலையையும் யோசித்து வைத்தவர், அதற்குள் நடமாடப்போகும் தன்னுடைய உயரத்தை யோசிக்கவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டே அவரும் சிரிப்பார்.

மத்தியான வெயிலில் சோபாவில் அவருக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம். வியர்வை வழிய, மலையைப் பார்த்தபடி, "நல்லா இருக்குல்ல?" என்பார். அம்மா, "நல்லா இருக்குதுங்க" என்பாள். சில நாள் இப்படியே நன்றாகப் போயிற்று.

ஒரு காலை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, அம்மா பெயின்ட் டப்பாவின் மேல் ஏறி மஞ்சள் தூளை எடுக்கப் போனாள். காலடியில் இருந்த டப்பா உருண்டது. சத்தம் கேட்டு அப்பா தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். வழியில் தொங்குவிளக்கில் மறுபடி முட்டிக்கொண்டார். நான் போய்ப் பார்த்தபோது இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கணுக்காலைப் பிடித்திருந்தாள். அப்பா ஒரு கையால் தன் நெற்றியையும் இன்னொரு கையால் அம்மாவின் காலையும் பிடித்திருந்தார். இரண்டு பேர் மேலும் மஞ்சள்.

"இத இன்னாத்துக்கு அவ்ளோ மேல வெச்ச?" என்று அப்பா கேட்டார்.

நான்தான் சொன்னேன். "அம்மா எல்லாத்தையும் கீழதான் வெச்சிருக்கும்ப்பா. நீ வர்றேன்னுதான் மேல ஏத்திச்சி. ஜன்னல்ல பெட்ஷீட்டு கூட இருந்திச்சி. சோபா ஜன்னல் வழியாத்தான் வந்திச்சி."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அப்பாவைப் பார்த்தேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் என்னாண்ட சொல்லல?"

"நீங்க போன்ல சொல்றப்போ அவ்ளோ ஆசையா சொல்வீங்க. அத கேக்கறதுக்கே வெள்ளிக்கெழம எப்ப வரும்னு இருப்பேன். அதுல போயி தப்பு கண்டுபிடிச்சிக்கினு இருக்கணுமா?"

அப்பா எழுந்துபோய் தலையைக் கழுவிக்கொண்டு வந்தார். அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக் கட்டினார். அன்றைக்கு வெயில் இறங்கும் நேரத்துக்கு, பெட்டியிலிருந்து பெட்ஷீட்டை எடுத்து அவரே ஜன்னலில் கட்டினார். மலை மறைந்தது. கூடம் குளிர்ந்தது. மூவரும் தரையில் படுத்துத் தூங்கினோம்.

அவர் கிளம்புகிற நாள் நெருங்கியபோது, ஆசாரியிடமிருந்து அளவு டேப்பும் பென்சிலும் வாங்கி வந்தார். அம்மா இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருந்தாள். அவளை அடுப்பு மேடைக்கு முன்னால் நிறுத்தினார்.

"கைய தூக்கு. எக்காத. சும்மா நிக்கிறாப்புல நின்னு தூக்கு."

விரல் நுனி தொட்ட இடத்தில் சுவரில் கோடு போட்டார். உட்காரச் சொன்னார், முழங்காலின் உயரத்தை அளந்தார். அரிசி களைவது போலக் கையை வைக்கச் சொன்னார், அதையும் அளந்தார். அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. "இன்னாங்க இது, ஜாக்கெட் தைக்கிறவன் மாதிரி" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு கோட்டைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். மறுபடியும் கையைத் தூக்கச் சொல்வார்.

பிறகு என் முறை. பள்ளிக்கூடத்துப் பையை நானே மாட்டிக்கொள்ள ஒரு ஆணி. நான் தொட்ட இடத்துக்குக் கொஞ்சம் மேலே கோடு போட்டார். "நா அங்க தொடலயேப்பா" என்றேன். "அடுத்த வாட்டி நா வர்றப்ப தொடுவ" என்றார்.

அவர் போன பிறகு ஆசாரி வந்து அந்தக் கோடுகளின்படி எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்தார். அம்மா அதற்கப்புறம் எதற்காகவும் ஏறி நிற்கவில்லை. அந்தச் சமையலறையைப் போல அவ்வளவு பொருத்தமாக ஒன்றை இன்று வரை நான் யாருக்கும் அமைத்துக் கொடுத்ததில்லை.

ஆனால் அப்பா கோடு போட்ட அன்று, அளவெடுப்பது என் ஆணியோடு முடியவில்லை. அப்பா டேப்பைச் சுருட்டப்போன சமயத்தில் அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"நீங்க நில்லுங்க."

"எனக்கு இன்னாத்துக்கு? நா எங்க இங்க இருக்கப் போறேன்?"

"நில்லுங்கன்னா நில்லுங்க."

அப்பா சுவரோரமாகப் போய் நின்றார். அம்மாவுக்குக் கால் வலி என்பதால் என்னைத்தான் ஸ்டூலின் மேல் ஏற்றினாள். டேப்பை இழுத்து அவர் தலைக்கு மேலே நான் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் நுனியைத் தரையில் அழுத்திக்கொண்டு அவள் அவருடைய காலடியில் குனிந்தாள். வெளியே என் கூட்டாளிகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அளவைப் படித்துச் சொன்னேன். அம்மா எழுந்திருக்கவில்லை, முகத்தை நிமிர்த்தவும் இல்லை. எண்கள் எல்லாம் மேலே என் கையில்தான் இருந்தன, கீழே பார்க்க ஒன்றும் இல்லை. அப்பாவும் அசையாமல், நேரே எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

அவளுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதே அளவை நான் இன்னும் சத்தமாக, ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னேன்.