ஒரு சதவீதப் பிடித்தம்

யாருடைய உடையில் நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் ஜெயகுமாரி அக்காவின் கை அங்கே போய்விடும். பேருந்தில் முன்னால் நிற்பவரின் ரவிக்கை, மாதா கோயில் பூசையில் முன்வரிசைப் பெண்ணின் முந்தானை, ஒருமுறை புதுநன்மை என்ற முதல் நற்கருணை வாங்க நின்ற பிள்ளையின் சட்டைக் காலர். நகத்தால் கிள்ளியெடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்வார். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் அவர் தைத்த துணியில் நூல் பிசிறு பார்க்கும் செக்கிங், நான் பேக்கிங். இருவருக்கும் வீடு காட்டுப்பாக்கம். ஒரே வேனில் போய்வருகிறோம்.

அதற்கு முன் அவர் வேலை பார்த்த சின்ன கம்பெனியில் பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. அங்கே விரலில் ஊசி இறங்கியபோது கம்மலை அடகு வைத்துத்தான் வைத்தியம் பார்த்தாராம். இங்கே வந்து முதல் சம்பளச் சீட்டு வாங்கிய அன்று, நான் பிடித்தம் போகக் கையில் வந்ததைப் பார்த்து முகம் சுருங்கினேன். அக்கா சிரித்தார்.

"பிடிச்சா நல்லதுடி. நம்ம பேர எங்கியோ எழுதி வெச்சிகீறான்னு அர்த்தம்."

பிறகு அவர் கணவர் ஆரோக்கியசாமிக்குக் குடலிறக்க ஆபரேஷன் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பைசா செலவில்லாமல் நடந்தது. பிடித்தம் என்றால் பாதுகாப்பு. அக்காவுக்கு அது வேதவாக்கு ஆனது.

போன வருடம், செம்பரம்பாக்கம் பக்கம் மனை விற்கும் ஜோஸ் என்பவர் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார். டிஜிட்டல் நாணயத்தில் பணம் போடும் ஒரு செயலியை அக்காவின் போனில் காட்டினார். அக்கா லேசில் நம்பவில்லை. இரண்டு வாரம் குடைந்து குடைந்து கேட்டார். கடைசியில் அந்தச் செயலியில் 'டி.டி.எஸ். பிடித்தம் 1%' என்று ஒரு வரி இருந்ததைப் பார்த்தார். இந்த நாணயங்களுக்கு அரசாங்கம் வரி போட்டிருப்பது செய்தியிலும் வந்திருந்தது.

"பாத்தியாடி, பிடித்தம் கீது. கவர்மென்ட்டு கணக்குல இல்லாமயா பிடிக்கிறான்?"

ஏழாவதோடு நின்ற எனக்கும் அது சரியாகவே பட்டது. அக்காவை நம்பி நாங்கள் பதினோரு பெண்கள் பணம் கொடுத்தோம். என்னுடையது நாற்பதாயிரம், மகள் ஸ்வீட்லினின் நர்சிங் படிப்புக்கு வைத்திருந்தது. எங்களில் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். அதனால் எல்லோர் கணக்கும் அக்காவின் போனிலேயே திறக்கப்பட்டது. ஒவ்வொருவர் சேர்ந்தபோதும் அக்கா பெயரில் கமிஷன் ஏறியது. அவர் அதை எடுக்கவில்லை. சம்பளச் சீட்டைச் சேர்த்து வைப்பது போல, ஒவ்வொரு கணக்கையும் பிடித்தத்தோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தார்.

ஆடி மாதம் பணம் எடுக்க முடியவில்லை. வரி கட்டினால்தான் வரும் என்றார்கள் செயலிக்காரர்கள். அக்கா அதையும் கட்டினார். அடுத்த வாரம் செயலியே திறக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் அக்கா வீட்டில் கூடினோம். பணம் போட்டவர்களில் ஒருத்தியான கஸ்தூரி உட்காரக்கூட இல்லை.

"செபமாலை சொல்ல வந்தவங்ககிட்டயே துட்டு வாங்கினியே. இன்னிக்கு இன்னா தேவ ரகசியம்க்கா, சந்தோசமா, துக்கமா?"

செபமாலையில் கிழமைக்கு ஒன்றாகச் சொல்லும் தேவ ரகசியங்களை வைத்துத்தான் அவள் குத்தினாள். யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். எனக்கும் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். எல்லோரும் போன பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஜோஸ் கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, போன ரீசெட் பண்ணிடு. கமிஷன் உன் பேர்ல ஏறிகீது. போலீஸ்ல காட்னா நீதான் ஏஜென்டுன்னு எழுதிடுவான்."

"நீ எங்க கீறே நைனா?"

"அது எதுக்குக்கா? அழிச்சிட்டு நிம்மதியா இரு."

போன் நின்றது. ஆரோக்கியசாமி கட்டிலிலிருந்து சொன்னார்: "அவன் திருடன்தான். ஆனா சொல்றது சரி. உன்ன ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் இன்னா பண்றது? அழிச்சிடு."

அழித்தால் அக்காவுக்கு எதிராக எதுவும் இருக்காது. நாங்கள் பணம் போட்டதற்கும் எதுவும் இருக்காது.

அக்கா டீ போட அடுப்பைப் பற்றவைத்தார், அணைத்தார். சமையலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். போனை எடுத்தார், மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தார், மறுபடி எடுத்தார். திடீரென்று என் முன் நின்றார்.

"நீ ஏண்டி வாயே தொறக்க மாட்டேன்றே?"

"என்னுத மட்டும் அழிக்காதக்கா" என்றேன்.

"உன்னுது மட்டுமா?"

அப்படிக் கேட்டதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் அக்கா லீவு சொல்லிவிட்டு ஆவடி போலீஸ் ஆணையர் அலுவலகத்துக்குக் கிளம்பினார். துணைக்கு நான். விசாரித்த பெண் அதிகாரி ஸ்க்ரீன்ஷாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது வரியே இல்லம்மா. சும்மா எழுதிக் காட்டியிருக்கான். நிஜமா வரி பிடிச்சாலும் உங்க பணத்துக்கு அரசாங்கம் பொறுப்புன்னு ஆகிடாது. அது வேற, இது வேற."

அக்கா புகார்ப் படிவத்தைக் கேட்டு வாங்கினார்.

அதில் 'உங்கள் மூலம் சேர்ந்தவர்கள்' என்று ஓர் இடம் இருந்தது. அக்கா எழுத்துக் கூட்டிப் பதினோரு பெயரையும் எழுதினார். கஸ்தூரிதான் முதல் பெயர்.

"கமிஷன் வாங்குனீங்களா?"

"எடுக்கல மேடம். ஆனா வந்துச்சு. எழுதிக்கோங்க."

போனை ஆதாரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி மேசையில் வைத்தார். திரும்பும் வழியெல்லாம் கை காலியாக இருப்பதுபோல விரல்களைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

வழக்குப் பதிவாகி எட்டு மாதம் ஆகிறது. ஜோஸ் அகப்படவில்லை. பணம் வரவில்லை. ஸ்வீட்லின் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறாள். அக்காவைச் சாட்சியாகச் சேர்ப்பார்களா, குற்றவாளியாகச் சேர்ப்பார்களா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. கூப்பிடும்போதெல்லாம் ஆவடிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வருகிறார்.