எட்டு வெறும் துளைகள்

வெரிபீ என்ற ஊர்ப் பக்கம், பழைய ரயில்களைத் தன்னார்வலர்கள் பழுதுபார்க்கும் கொட்டகையில்தான் அவரைச் சந்தித்தேன். நீல ஓவரால், நெற்றியில் சின்னப் பொட்டு, கையில் ஆயில் கேன். அவர்தான் எங்கள் வெல்டர்.

டீசல் புதிதாக இருந்த காலத்தில் பிரிட்டனில் சோதனைக்காகச் செய்து, பின்னர் கப்பலில் இங்கே வந்த லோகோ ஒன்று அங்கே நின்றது. அதன் முதல் எஞ்சின் சரிப்பட்டு வராததால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தியிருந்தார்கள். பழையதைப் பூட்டியிருந்த எட்டு போல்ட் துளைகள் மட்டும் மிச்சம். சனிக்கிழமைதோறும் வேலை தொடங்குமுன் அவற்றுக்கு எண்ணெய் விடுவார்.

பெயின்ட் அடிக்கப் போன நான் ஒருநாள் கேட்டேன்: “எதுக்குக்கா இது? வெல்ட் வெச்சு அடைச்சிட்டா நீட்டா இருக்குமே.”

நிமிர்ந்து பார்த்தார். “அடைக்க எனக்கு அஞ்சு நிமிசம் காணும், தம்பி. முதல்முதலாத் துணிஞ்ச ஆக்களின்ர அடையாளம் உது. சரிவரேல்ல எண்டதுக்காக அவையள அழிக்கிறதே?”

லோகோ மறுபடி ஓடிய நாளில், எல்லோரும் உறுமும் எஞ்சினைப் படமெடுத்தார்கள். அவரோ பக்கக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, வந்தவர்களுக்கெல்லாம் அந்தத் துளைகளைக் காட்டினார். ஒரு தோல்வியை அவ்வளவு பெருமையாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

பெயின்ட் படாமல் அந்த எட்டையும் சுற்றி டேப் ஒட்டியவன் நான்தான். அதை இப்போதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.