பிரேக் போடாதபோது அழுத கார்

சாவித்ரி கார் ஓட்டும்போது வண்டிக்குள் யாரும் பேசக் கூடாது. "சித்த பேசாம வாங்கோ, கேக்கணும்" என்பாள். கேட்பது ஊரை அல்ல, வண்டியை. பாலிகஞ்சில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள் என் மனைவி. நான் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. பக்கத்து இருக்கையில் பேசாமல் வருவதுதான் என் வேலை.

போன வருஷம் மழைக்காலத்தில் அவளுடைய பழைய சிவப்புக் கார் கிரீச்சிட ஆரம்பித்தது. டாக்குரியாவில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே பால்கனிகளில் தலைகள் தெரிந்தன. ஒரு நாய், சொந்தக்காரர் யாரோ வந்துவிட்டதாக நினைத்துப் பதில் குரல் கொடுத்தது.

பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் ஜெயந்த் முடிவே செய்துவிட்டான். "பிரேக் போயாச்சும்மா. இந்த வயசுல உனக்கு இது வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து பாக்கறேன்னிருக்கார். வித்துடலாம்."

"அதுக்குள்ள சத்தம் போயிடுத்துன்னா?"

"போனா நீயே வெச்சுக்கோ."

ஸ்டேஷன் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ராகுல் அவளை 'மாஷிமா' என்பான், அம்மாவின் தங்கையை அழைப்பதுபோல. அவனிடம் தன் பெங்காலியில், "பிரேக் காந்தே" என்றாள். பிரேக் அழுகிறது. அவனும் பிரேக் பேடை மாற்றிக் கொடுத்தான். பட்டறையை விட்டு வெளியே வந்ததும் அழுகை தொடர்ந்தது.

சனிக்கிழமை காலை என்னையும் ஏற்றிக்கொண்டாள். நீளமான ஒரு மதில் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினாள். "கண்ணாடிய இறக்குங்கோ. சுவத்துல பட்டுத் திரும்பி வரும், நன்னா கேக்கும். இப்போ?"

"அழறது."

பிரேக்கை மிதித்தாள். "இப்போ?"

"இல்லை."

காலை எடுத்தாள். "இப்போ?"

"அழறது."

தலையை வெளியே நீட்டி 'அழறது, இல்லை' என்று ஒப்பித்துக்கொண்டு போன என்னை ஒரு பள்ளிக்கூட பஸ் முழுவதும் வேடிக்கை பார்த்தது. சாவித்ரி வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தாள்.

"அவன்கிட்ட நான்தான் தப்பா சொல்லியிருக்கேன். பிரேக் போட்டா வாய மூடிக்கறது. போடாதபோதுதான் அழறது."

பட்டறைக்குப் போய் அதைச் சொன்னதும் ராகுலும் சிரித்துவிட்டான். "அப்படின்னா பிரேக் அழல மாஷிமா. பல்லுல கல்லு மாட்டியிருக்கு" என்று பெங்காலியில் சொல்லிக்கொண்டே முன் சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே சுழலும் தட்டுக்குப் பின்னால் இருந்த மெல்லிய தகட்டை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் நெம்பினான். சின்ன ஜல்லி ஒன்று விழுந்தது. எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிக் கொட்டிய ஜல்லிதான்.

மறுநாள் ஜெயந்தை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்தாள். பிரேக் போட்டாள், விட்டாள். காக்கைச் சத்தம்தான் கேட்டது. அவனும் கண்ணாடியை இறக்கிக் கேட்டுப் பார்த்தான். வீட்டு வாசலில் இறங்கும்போது, "சரிம்மா, வெச்சுக்கோ" என்றான்.

அந்த நேரம் காரை வாங்க வந்தவர் ஸ்கூட்டரில் வந்து நின்றார். சாவித்ரி அவரிடம் விஷயத்தைச் சொல்லி, மாடிக்கு அழைத்துக் காபி கொடுத்தாள். அவர் ஸ்கூட்டரில் கிளம்பும்போது சொன்னாள்: "பின் பிரேக் தேஞ்சிருக்கு, பாத்துக்கோங்கோ. நீங்க வரச்சயே கேட்டுது."

சாவித்ரி காலமான பிறகும் கார் கீழேதான் நிற்கிறது. ஜெயந்த் ஊருக்கு வந்தால் அதை எடுக்கிறான். போன தடவை நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"சித்த இருப்பா" என்று கண்ணாடியை இறக்கினான். "கேக்கணும்."