தெய்வானையின் துண்டு

நடுவட்டம் பேருந்தில் இருந்தபோது, தெய்வானை இறந்துவிட்டார் என்ற செய்தி கைபேசியில் வந்தது. எங்கள் பழைய நிறுவனம் அனுப்பிய இரங்கல் வரியில் "நம் முன்னாள் டெலிபோன் ஆப்பரேட்டர்" என்றிருந்தது. அவர் ஆப்பரேட்டராகச் சேர்ந்தவர்தான். ஆனால் குன்னூரிலிருந்து மலைத் தொழிற்சாலைகளுக்கு நாங்கள் கொடுத்த கணினி இணைப்புகளில், எந்தத் தகவல் எந்த வழியில், எது முதலில் என்று வகுத்தவர் அவர். அவரை அறிந்த நீங்கள் இதை மறுக்க மாட்டீர்கள். மறுப்பவர்கள் என்னிடம் வரலாம்.

நான் ரேடியோ பழுது பார்த்து, கையேடுகளைப் படித்து இந்த வேலைக்கு வந்தவன். தகவலின் மேல் ஓர் எண்ணை ஒட்டி வழியனுப்பும் லேபிள் சுவிட்சிங் வந்த புதிதில், அந்த எண்ணை லேபிள் என்றே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. சிறுமியாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த தெய்வானைக்கு அது "துண்டு". அங்கே ஒரு காலத்தில் தோட்டம் மாறும் தொழிலாளியின் கையில் கொடுத்தனுப்பிய சீட்டுக்கு அந்தப் பெயர் என்று அவர் வீட்டில் சொல்வார்களாம்.

"இஞ்ச பாருங்க அண்ணே, வாசல்ல ஒருக்கா விசாரிச்சுத் துண்டு குடுத்தாச்சு. பெறகு வழியில நிக்கிறவன் ஊரு பேரு கேக்கக் கூடாது. துண்டப் பாக்கணும், தன்னோட துண்ட மாத்திக் குடுக்கணும், அனுப்பணும்."

இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை. முன்பு வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் முழு முகவரியையும் படித்துத் தேடும். லேபிள் வந்தபின் நுழையும் இடத்தில் ஒருமுறை வகை பிரித்தால் போதும். ஊட்டியில் பார்க்கும் எண் ஊட்டியில் மட்டுமே பொருள் தரும். அடுத்த இடத்துக்கு வேறு எண். கடைசிக்கு முந்தைய ரவுட்டர் அதைக் கழற்றிவிடும்.

தேயிலை விலை விழுந்து கிடந்த ஆண்டுகள் அவை. எல்லாரும் தங்கள் தகவலுக்கு அவசர வகை கேட்டார்கள். கோயம்புத்தூர்க்காரரான எங்கள் முதலாளியே கேட்டார்: "ஏனுங்கம்மா, நம்ம ஆபீஸ் மெயிலுக்கும் அவசரம் போட்டுருங்களேன்."

"எல்லாருக்கும் அவசரத் துண்டு குடுத்தா அது வெறுந்துண்டு சேர். தேயில ஏல நாள்ல பேச்சுதான் மொதல்ல போவும். மெயில் ஆறினாலும் கெட்டுப்போவாது."

அந்த முதலாளி பிறகு மஞ்சூர் இணைப்பையே நிறுத்தப் பார்த்தார். மதியமானால் அது அறுந்துகொண்டிருந்தது. இணைப்பு போனால் மஞ்சூர் தொழிற்சாலை ஏலத்தின்போது குன்னூர்த் தரகரோடு பேச முடியாது. கிடைத்த விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். அடுத்த ஏலம் வரை தெய்வானை தவணை வாங்கினார்.

ஏலத்துக்கு முந்தைய மதியமும் அறுந்தது. தெய்வானை சாதாரணத் தொலைபேசியில் மஞ்சூர் தொழிற்சாலையின் டீமேக்கரோடு பேசிக்கொண்டிருந்தார், நான் கணினியில். கடைசிக்கு முந்தையதான ஊட்டி ரவுட்டர் லேபிளைக் கழற்றாமலே மஞ்சூருக்கு அனுப்புகிறது என்பது என் முடிவு. "சரி, துண்ட எடுங்க அண்ணே" என்றார் என்னிடம். அதற்கான கட்டளையைக் கொடுத்தேன். சற்று நேரத்தில் இணைப்பு வந்துவிட்டது.

"எடுத்துட்டேனுங்க" என்றது தொலைபேசி. எனக்கே கேட்டது.

"நீங்க எத எடுத்தீங்க?" என்று கேட்டார் தெய்வானை.

"நீங்க வெச்ச மிசின் மேல கெடந்த துண்டத்தானுங்க. தேயிலைத் தூசி படியுதேன்னு போத்தி வெச்சிருந்தேன். தொட்டா சுடுதுங்க."

தெய்வானை சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டார். "அண்ணே, ஒங்க துண்டு தப்புன்னா காலையிலயும் அறுந்திருக்கணுமே?"

லேபிளில் தவறு இருந்தது. இன்றும் அதையே சொல்கிறேன்.

"அப்ப நாளைக்கு அவர மறுபடி போத்தச் சொல்லிப் பாப்பமா?"

ஏல நாளில் சோதனை கூடாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மஞ்சூரின் பேச்சு கடைசிவரை தெளிவாகப் போனது. முதலாளி இணைப்பை நிறுத்தவில்லை.

லேபிளைக் கடைசி இடத்துக்கு முன்பே ஏன் கழற்ற வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "வீடு தெரியுதில்ல அண்ணே. இனி துண்டு எதுக்கு?" என்றார். இலங்கையில் இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி என்று இடத்துக்கொரு பெயர் ஒட்டப்பட்டவர் அவர்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். என் வாயில் இப்போது லேபிள் வருவதில்லை. பேருந்திலிருந்தே நிறுவனத்தின் இரங்கல் வரிக்குப் பதில் அனுப்பினேன்: "துண்டை எடுங்கள். தெய்வானை என்று மட்டும் போடுங்கள்."