தேவாரத்து டிக் டிக்

நேற்று பரணை ஒதுக்கும்போது ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ கையில் கிடைத்தது. பேட்டரி மூடியைத் திறந்ததும் ஏலக்காய் வாசம். போடியில் எதைத் திறந்தாலும் அந்த வாசம்தானே என்பீர்கள். இது வேறு. செல்வியின் அம்மா காய் எடுக்க மலைக்குப் போகும் ஜீப்பில் கூடவே போய் வந்த ரேடியோ இது. செல்வி என்று எழுதும்போதே எனக்கு வயிறு லேசாக எரிகிறது பாருங்கள்.

நானும் அவளும் முந்தல் ரோட்டுக் கல்லூரியில் ஒரே சாரிடம் ஆராய்ச்சி செய்தோம். லேசரின் அதிர்வெண் இம்மியும் நகராமல் நிற்க வேண்டும், அதுதான் சோலி. அதன்மேல் ரேடியோ அலையை ஏற்றி, ரூபிடியம் ஆவி அடைத்த கண்ணாடிக் குழலுக்குள் அனுப்பினால், லேசர் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று ஒரு சிக்னல் காட்டிக்கொடுக்கும். அதை வைத்து இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிக்கு லாக் என்று பெயர். எங்கள் லாக் பிடித்த மறுநொடியே விழுந்துவிடும். இந்தப் புலம்பலைக் கேட்டு அலுத்த என் அம்மா, “நல்ல திண்டுக்கல் பூட்டா வாங்கிப் போடுங்கப்பு” என்றாள்.

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் ஒரே ஒரு இடம் இருந்தது. “யாரு லாக்க நிக்க வைக்கிறீங்களோ, அவங்க பேரத்தான் அனுப்புவேன்” என்று சார் சொல்லிவிட்டார். நான் கேபிளை மாற்றினேன், சிக்னல்களைக் கலக்கும் மிக்ஸரைக் கழற்றி மாட்டினேன், எர்த் கம்பியைப் புதிதாக இறக்கினேன். செல்வி சும்மா உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஒன்றும் ஓடவில்லை என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஒரு மதியம், “அண்ணே, இது ஒரே தாளத்துல விழுது” என்றாள்.

“விழுறதுல என்னத்தா தாளம்?”

பையிலிருந்து ரேடியோவை எடுத்து, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் திருப்பி வைத்தாள். டிக். டிக். டிக். ஒவ்வொரு டிக்குக்கும் திரையில் சிக்னல் துள்ளியது.

“பக்கத்துத் தோட்டத்துல யானைக்குக் கரண்டு வேலி போட்டுருக்காகண்ணே. எங்க ஊரு தேவாரத்துல, எங்க தோட்டத்துலயும் இப்பிடித்தான். ரேடியோவுல டிக் கேட்டா வேலி உசுரோட இருக்குன்னு அர்த்தம். அதக் கேட்டாத்தான் எங்களுக்குத் தூக்கமே வரும்.”

லேசர் ஒளியை வாங்கும் டிடெக்டருக்குக் கரண்டு கொண்டுபோன நீளமான வயர்தான் ஏரியல் மாதிரி அந்த டிக்கை வாங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே ஒரு பேட்டரியை வைத்தாள். லாக் நின்றது. சாயங்காலம் வரை நின்றது.

கைதட்டினேன். மனசுக்குள் திட்டினேன். மிக்ஸரைப் பற்றி நான் படிக்காத புத்தகம் இல்லை. ஆனால் போடி டவுனுக்குள் பிறந்தவன் வீட்டுக்கு எந்த யானை வரும்? ஆமாம் நண்பரே, யானைக்காகப் பொறாமைப்பட்டவன் நான். ஜெர்மனிக்குக் கிளம்பும்போது அவள் ரேடியோவை நீட்டி, “அங்க எதுக்குண்ணே இது, நீங்க வச்சுக்கங்க” என்றாள். அந்த நல்ல மனசின் மேலும் பொறாமைதான். இப்போது அங்கே பொத்தானை அமுக்கினால் தானே லாக் ஆகும் பெட்டி வைத்திருக்கிறாளாம்.

பேட்டரி போட்டுக்கொண்டு கல்லூரிப் பக்கம் போனேன். தோட்டத்தைப் பிளாட் போட்டுவிட்டார்கள். வேலி இல்லை. எங்கள் ஆய்வக அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். வாசலில் நின்று ரேடியோவைத் திருப்பினேன். டிக் இல்லை, வெறும் இரைச்சல். இனி இங்கே லாக் போட்டால் விழவே விழாது. போடத்தான் லேசர் இல்லை.