நட்சத்திரத்துக்குப் போன தொட்டில் கட்டை

மூன்று வருடத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது நடந்தது இது. சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் போகும் பஸ் தடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா இல்லை. அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்று சென்ட்ரிங் வேலைக்குப் போனதால்தான் என்னால் கல்லூரி வரைக்கும் போக முடிந்தது. அப்போது நான் பி.எட். கடைசி வருடம். அண்ணன் பெங்களூரில் வேலையாக இருந்தார். வீட்டில் அம்மா, அண்ணி, நான், அண்ணனின் இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஐந்து வயது. சின்னவன் எட்டு மாதக் கைக்குழந்தை.

அண்ணிக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூட. பிறந்த வீடு எலவனாசூர்கோட்டைப் பக்கம். காலையில் குழாயில் தண்ணீர் பிடிப்பதில் ஆரம்பித்தால், சோறு வடித்து, பெரியவளைப் பால்வாடிக்கு அனுப்பி, சின்னவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, துணி துவைத்து முடிக்கும்போது மத்தியானம் தாண்டிவிடும். அதற்கு மேல் கொஞ்சம் நேரம் கிடைத்தால் கத்தரிக்கோலை எடுத்துக்கொள்வார். டிசம்பர் பிறந்தால் தெருவில் பாதிப் பேர் கலர் பேப்பரை எங்கள் வீட்டில் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பென்சிலால் ஒரு கோடு போட மாட்டார். பேப்பரை நாலாக, எட்டாக மடித்து அங்கங்கே நறுக்கிவிட்டுப் பிரிப்பார். புறாவும் திராட்சைக் கொத்தும் வரிசையாக வந்து நிற்கும். அதை மூங்கில் நட்சத்திரத்தின் மேல் ஒட்டி உள்ளே பல்பு போட்டால், எங்கள் வீட்டு ஸ்டார் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்.

அண்ணியிடம் ஒரு பழக்கம் உண்டு. குழந்தையைச் சேலைத் தொட்டிலில் போடும்போது துணியின் மேல் விரலால் ஒரு சிலுவை போடுவார். குழந்தையைத் தூக்கியதும் தொட்டிலை அப்படியே விட மாட்டார். சேலையைக் கட்டையோடு சேர்த்து உயரத்துக்குச் சுருட்டி, கையை உயர்த்தினால்தான் எட்டுகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார். வெறும் தொட்டில் ஆடக் கூடாது, ஆடினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்பார். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை இந்த வேலை நடக்கும். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. ஜெபமும் பண்ணிக்கொண்டு இதையும் நம்புகிறாரே என்று தோன்றும். பி.எட். வகுப்பில் அறிவியல் மனப்பான்மை பற்றிப் பாடம் நடந்த சமயம் வேறு. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருக்கும்போதே ஒரு நாள், துணி ஆடினால் வயிறு எப்படி வலிக்கும் என்று அண்ணியிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படிச்சவங்க வூட்ல வெறும் தொட்டிலு ஆடிக்கினே இருக்கட்டும் தம்பி. என் வூட்ல வோணாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

எங்கள் தொட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். காங்கிரீட் கூரையில் ஒரே ஒரு கொக்கி. அதில் ஒரு கயிறு, கயிற்றில் சேலையின் இரண்டு முனைகள். ஒரே கொக்கியில் தொங்குவதால் சேலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் வாயை அகட்டி வைக்கத்தான் குறுக்கே தொட்டில் கட்டை. ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் நீளம், சிவப்பும் பச்சையுமாக வளையம் வளையமாக அரக்குப் பூசியது, இரண்டு முனையிலும் சேலை உட்கார ஒரு வெட்டு. முதல் பிரசவத்துக்குப் பிறகு அண்ணியின் அப்பா கொண்டு வந்து கொடுத்தது.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி இருக்கும். அம்மா களை எடுக்கப் போயிருந்தார். நானும் அண்ணியும் வாசலில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் பாடல் குழு வரும். அதற்குள் ஏற்றியாக வேண்டும். ஸ்டார் என்றால் ஒன்று இல்லை, இரண்டு. ஒரே அளவில் இரண்டு நட்சத்திரம் கட்டி, முனைகளைச் சேர்த்துவிட்டு, நடுவில் முட்டுக் கொடுத்தால்தான் வயிறு உப்பி அழகாக நிற்கும். மலையிலிருந்து வாங்கி வந்த மூங்கிலைப் பிளந்து சீவிய பிளாச்சைத்தான் முட்டுக்கு வைத்திருந்தேன். அது இரண்டு முறை முறிந்துவிட்டது. அண்ணி சின்னவனை மடியில் வைத்துக்கொண்டே ஒரு பக்கத்துக்குச் சிவப்புப் பேப்பர் ஒட்டி முடித்திருந்தார். எனக்கு அவசரம். வேறு கட்டை கிடைக்குமா என்று வீட்டுக்குள் போனேன்.

மேலே சுருட்டியிருந்த தொட்டிலில் அந்தக் கட்டை கண்ணில் பட்டது. நீளம் சரியாக இருக்கும். இரண்டு முனையிலும் வெட்டு வேறு இருக்கிறது, மூங்கில் அதில் நழுவாமல் உட்காரும். சின்னவன் இப்போதுதான் தூங்கி எழுந்திருக்கிறான். இனி இருட்டிய பிறகுதான் தொட்டில் தேவைப்படும், அதற்குள் இன்னொரு பிளாச்சைச் சீவி மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அண்ணியிடம் கேட்கவில்லை. முடிச்சை அவிழ்த்துக் கட்டையை உருவினேன். சேலை கீழே சரிந்து தொங்கியது. அதைத் திரும்பச் சுருட்டிக் கட்டியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. நான் செய்தது வேறு. வெறும் தொட்டிலைக் கையால் ஒரு தட்டுத் தட்டி, வேண்டுமென்றே நன்றாக ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். பெரியவள் அங்கேதான் தரையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். தொட்டில் ஆடுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

கட்டை நான் நினைத்த மாதிரியே பொருந்தியது. ஸ்டார் வயிறு உப்பி நின்றது. அண்ணி அதைப் பார்த்தார், சிவப்புப் பச்சை வளையத்தையும் பார்த்தார். "இன்னா தம்பி, புள்ள கட்டய எடுத்துக்கினு வந்துட்டீங்க?" என்று கேட்டார். பிறகு, நினைவு வந்தவர்போல, உள்ளே பார்த்துப் பெரியவளைக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். கையில் கத்தரிக்கோலோடும் இடுப்பில் குழந்தையோடும் எழுந்து உள்ளே போனார்.

அண்ணி கத்தவில்லை. "தம்பி" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டார். அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் யாருக்கும் சொல்லிக் காட்ட முடியாது.

பெரியவள் தொட்டிலில் ஏறி, உட்கார்ந்து, ராட்டினம் மாதிரி சுற்றியிருக்கிறாள். கட்டை இருந்திருந்தால் முறுக்கு அதற்கு மேலேயே நின்றிருக்கும். கட்டை இல்லாததால் சேலை கயிறாக முறுக்கிக்கொண்டு கழுத்தில் இறங்கிவிட்டது. முகம் நீலம் பாய்ந்திருந்தது. நான் ஓடிப் போய் அவளைப் பிடித்துச் சுற்றினேன். பதற்றத்தில் எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன், முறுக்கு இன்னும் இறுகியது. அண்ணி என் கையைத் தட்டிவிட்டார். சின்னவனைத் தரையில் போட்டுவிட்டு, "தூக்குங்க, தூக்கிப் புடிங்க" என்றார். நான் உடம்பைத் தூக்கிப் பிடிக்க, அவர் பேப்பர் நறுக்கும் அந்தச் சின்னக் கத்தரிக்கோலால் முறுக்கிய சேலையை இழை இழையாக அறுத்தார். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. அறுந்து விழுந்தபோது பிள்ளைக்கு அசைவு இல்லை. நெஞ்சில் காதை வைத்தவர், மூச்சு இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் அண்ணியும் பிள்ளையும் சங்கராபுரம் போனார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். நான் சின்னவனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது, அண்ணி தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். என் விரல்களில் மைதா பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

எப்படி ஆனது என்று விவரம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு காவலர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி எழுந்துவிட்டார்.

"நான்தாங்க தொட்டில சுருட்டி வெக்காம வுட்டுட்டேன். வெளிய வேலையா இருந்தேன்."

காவலர் எழுதிக்கொண்டு போனார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கதவைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "உன் பேரு கேசுல ஏறிச்சுன்னா நாளைக்கு எவன் வேல குடுப்பான்? சும்மா இரு." அதுவரைக்கும் என்னை ஒருமையில் பேசியதில்லை.

நான் சும்மாதான் இருந்தேன். அதுதான் இந்தக் கதையில் என்னால் செரிக்க முடியாத பகுதி. தவறு எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகு வந்த நான்கு நாட்கள் தவறில் சேராது. அம்மா வந்து, பெற்றவளுக்குக் கவனம் வேண்டாமா, பேப்பர் வெட்டுகிற கையால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாதா என்று எல்லார் எதிரிலும் அழுதுகொண்டே திட்டினார். பார்க்க வந்த ஊர்ப் பெண்களும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மறுநாள் மத்தியானம் அண்ணன் பெங்களூரிலிருந்து வந்தார். "உன்ன நம்பிதான வுட்டுட்டுப் போனேன்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். நான் இரண்டடி தள்ளிப் போய், மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி நின்றேன். எங்கள் குடும்பத்தில் அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அடுத்த நாள் அண்ணன் மாற்றுத் துணி எடுத்து வர ஊருக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து அண்ணியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. டீ வாங்கிக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். அம்மா மறுபடி ஆரம்பித்தபோது, போதும் என்று தடுத்தார். எனக்குக் காரணம் புரியவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் யாரோ சபைக்காரர்கள் வந்து எல்லாருக்கும் கேக் துண்டு கொடுத்தார்கள். அண்ணி அதைத் தின்னாமல் முந்தானையில் முடிந்து வைத்தார். மத்தியானம் பிள்ளை கண் திறந்தது. தன் அம்மாவை அடையாளம் தெரிந்துகொண்டு எதையோ கேட்டாள். உதடு அசைந்தது, காற்று மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை. அண்ணி குனிந்து அந்தக் காற்றைக் கேட்டுவிட்டு, "ஸ்டாரு ஏத்தியாச்சான்னு கேக்கறா" என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டையை உருவியதை, கேலிக்காகத் தொட்டிலை ஆட்டிவிட்டதை, போலீஸ் எதிரில் வாயை மூடிக்கொண்டதை. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வூட்டுக்குப் போனப்பவே பாத்தேன்டா," என்றார். "ஸ்டாரு ஒரு பக்கம்தான ஒட்டியிருக்குது. இந்தப் பக்கம் கட்ட அப்படியே தெரியுது. நீயா வந்து சொல்றியான்னு இருந்தேன்."

பிறகு, "ரெண்டு நாளு ஆயிப்போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

புது வருடம் பிறந்து ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தோம். அந்த ஸ்டாரை நானே பிரித்தேன். கட்டையில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக் கழுவி அண்ணியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வேறு ஒரு சேலையைக் கட்டி, கட்டையைப் பொருத்தி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். சின்னவனைப் போட்டு, துணியின் மேல் சிலுவை போட்டார். அவன் தூங்கி எழுந்ததும் சேலையைச் சுருட்டினார். அப்போதுதான் பார்த்தேன், அவர் முடிச்சுப் போடும் உயரத்தை. அம்மாவுக்கு எட்டும், எனக்கு எட்டும். ஐந்து வயதுப் பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறினாலும் எட்டாது. அவர் நம்பியது எதுவாக இருந்தாலும், அவர் கை செய்த வேலை அதுதான்.

இப்போது நான் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். என் பெயரில் எந்தக் கேசும் இல்லை. அம்மாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆனால் தெருவில் இன்னும் அண்ணி கவனம் இல்லாதவர்தான். வாசலில் நின்று எல்லாருக்கும் சொல்லப் போனேன் ஒரு முறை. "வுடுங்க தம்பி, பழகிப்போச்சு" என்று அண்ணி உள்ளே கூப்பிட்டுவிட்டார். நானும் போய்விட்டேன். இதை எழுதும்போதுகூட என் பெயர் இதில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பெரியவளுக்கு எட்டு வயது ஆகிறது. நன்றாகப் படிக்கிறாள், பேப்பர் வெட்டுவதில் அம்மாவை மிஞ்சிவிடுவாள் போலிருக்கிறது. குரல் மட்டும் திரும்பவில்லை, எப்போதும் சளி பிடித்த மாதிரிதான் வரும். கிறிஸ்துமஸ் பாட்டில் அவளைச் சேர்க்க மாட்டார்கள், வசனம் இல்லாத தேவதையாக ஓரமாக நிறுத்துவார்கள். சனிக்கிழமை மலையிலிருந்து நான் பஸ்ஸில் வந்து இறங்கியதும், தெருமுனையிலிருந்தே அந்தக் கரகரத்த குரலில் "சித்தப்பா" என்று ஓடி வருவாள். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது, அன்று நான் கேலியாக ஆட்டிவிட்டு வந்த அந்த வெறும் தொட்டில் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.