கிளி காட்டிய வழியும் கிரேஸ் போன வழியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பச்சைக் கிளியோடு சண்டை போட்டோம்... நானும் என் சிநேகிதி கிரேஸும்.

நிஜக் கிளி இல்லை. கல்லில் பெயின்ட் அடித்து வரைந்த கிளி. எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு நெடும்பாதை திறந்திருக்கிறார்கள். செட்டியார்பட்டியில் தொடங்கி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வ. புதுப்பட்டி வரை போகிறது. பழைய கோயில், பழைய சர்ச், கண்மாய், மாந்தோப்பு என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போவதால் 'பாரம்பரியப் பாதை' என்று பெயர். நடக்கலாம், ஓடலாம். வழி தவறாமல் இருக்க அங்கங்கே கல் நட்டு, ஆண்டாளின் கிளியை வரைந்து வைத்திருக்கிறார்கள். கிளியின் மூக்கு எந்தப் பக்கமோ, நாம் போக வேண்டியது அந்தப் பக்கம். சுலபம்தானே?

வெளியூர்க்காரர்களுக்குச் சுலபம்.

கிரேஸ் ராஜபாளையத்துக்காரி. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். ரிட்டயர்டு பி.டி. டீச்சர்... விசில் இல்லாமலே விசில் சத்தம் வரும். கணவர் காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். போன வருஷம் வலது முட்டியை மாற்றி ஆபரேஷன் செய்தார்கள். அன்றிலிருந்து அவள் மகள் ஷீபா, "ஓசூருக்கு வந்து என்கூட இருங்கம்மா" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கிரேஸ் அசைந்தால்தானே?

கடைசியில் அம்மாவும் மகளும் ஒரு பந்தயத்துக்கு வந்தார்கள்.

"யார் கையையும் பிடிக்காம, வண்டி கிண்டி ஏறாம, திறப்பு நாளன்னைக்கு ராஜபாளையத்துல இருந்து வில்லிபுத்தூர் தேரடி வரைக்கும் நடந்து வந்துருங்க. பொறவு நான் ஓசூர் பேச்சே எடுக்க மாட்டேன். முடியலன்னா பெட்டியக் கட்டணும். சரியா?"

ஷீபா மாரத்தான் ஓடுகிறவள். அன்றைக்கு அவள் செட்டியார்பட்டியிலிருந்தே ஓடி வந்து, அன்றைய ஓட்டமும் நடையும் முடிகிற தேரடியில் அம்மாவுக்காகக் காத்திருப்பதாக ஏற்பாடு. கிரேஸோடு நடக்க மதுரையிலிருந்து நான் போனேன். பந்தயம் அவர்களுக்குள்தான். ஆனால் கவலை எனக்கு. கிரேஸும் போய்விட்டால் ராஜபாளையத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்? யார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கேட்காமல் அடுப்படிக்குள் நுழைவேன்?

மாந்தோப்பு வரைக்கும் பிரமாதமாக நடந்தாள். தோப்பைத் தாண்டியதும் அந்தக் கல் வந்தது. கிளி இடது பக்கம், மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு நேர் எதிரே, தூரத்தில், வில்லிபுத்தூர் கோபுரம்.

கிரேஸ் இடுப்பில் கை வைத்தாள்.

"கோபுரம் அந்தா இருக்கு. இது என்னட்டி மலையப் பாத்துக்கிட்டு நிக்கி?"

"பாதை அப்படித்தான் போகுதாம் கிரேஸ்."

"கிளி சோசியம் பாத்துத்தான் நான் வில்லிபுத்தூருக்குப் போகணுமாக்கும்? கோபுரத்தப் பாத்து நடட்டி."

கோபுரத்தைப் பார்த்து நட... எத்தனை வருஷம் ஆயிற்று அந்த வார்த்தையைக் கேட்டு!

என் அப்பாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. அம்மாவின் பிறந்த வீடு வில்லிபுத்தூரில். ஆடிப்பூரத் தேருக்கு பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. தெருவே சேர்ந்து நடக்கும். கிரேஸ் வீட்டில் அவள் அம்மா, "தேருதான, போயிட்டு வா... கோதை கைய விட்றாத" என்று அனுப்பி வைப்பார். பெரியவர்கள் ரோட்டில் வருவார்கள். நாங்கள் இருவரும் ரோட்டை விட்டு இறங்கி, கோபுரத்தைக் குறிவைத்து நேர்கோட்டில் போவோம். வழியில் ஒரு கண்மாய். ஆடியில் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அக்கரைக்கு ஓட்டப் பந்தயம். ஒரு தடவைகூட நான் ஜெயித்தது இல்லை. ஜெயித்த பிறகு அவள் கரையில் நின்றுகொண்டு, "வாட்டி, வாட்டி" என்று கை தட்டுவாள். உள்ளங்கால் சூடு கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் என்ன? கிளியை அம்போவென்று விட்டுவிட்டு நேராக நடந்தோம். ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டே போனோம். கண்மாய்க் கரையில் ஏறினோம்.

எதிரே கடல் மாதிரி தண்ணீர்!

கரையில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கக்கா போறிய?"

"வில்லிபுத்தூருக்கு."

"தண்ணிக்குள்ள கூடியா?"

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எங்கள் ஞாபகம் முழுக்க ஆடி மாதம். நாங்கள் நடந்ததோ தை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பி நின்றது. அந்தப் பாதை போட்டவர்கள் என்ன முட்டாள்களா? அதனால்தான் கிளி மலைப் பக்கம் பார்த்திருக்கிறது.

"பெரிய கண்மாய்க்கா. கரையோட சுத்தித்தான் போணும், எம்புட்டு நேரமாகும் தெரியுமா? பைக்குல ஏறுங்க. ஒவ்வொருத்தரா ரோட்டுல கொண்டு விடுதேன்."

நான் ஏறியே விடலாம் என்று நினைத்தேன். வெட்கமென்ன? கால் கெஞ்சியது. கிரேஸ் அந்த பைக்கைப் பார்த்தாள். பிறகு கோபுரத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம் தம்பி. நாங்க நடந்தே போயிருதோம்."

ஷீபாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லலாம் என்றால் கிரேஸின் போன், நடப்பவர்களின் சாமான்களைத் தேரடிக்குக் கொண்டுபோன வண்டியில் ஏற்றிய பையில். என் போன் கிளியையும் மாந்தோப்பையும் படம் எடுத்தே சார்ஜ் தீர்ந்து செத்துப்போயிருந்தது. அந்த மனிதர் தன் போனை நீட்டினார். மகள் நம்பர் கிரேஸுக்கு ஞாபகம் இல்லை. எனக்கும் இல்லை. அந்தக் காலத்துத் தேர் ஞாபகம் இருக்கிறது, நம்பர் இல்லை. என்ன மூளையோ!

கரையோடு நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. ஓர் இடத்தில் கண்மாய் நிரம்பி வழிந்து, கணுக்கால் தண்ணீர் குறுக்கே ஓடியது. பாசி வழுக்கியது. நான் பதறிப்போய்க் கையை நீட்டினேன்.

"தொடாதட்டி!"

அந்தப் பழைய விசில் சத்தம். கையை இழுத்துக்கொண்டேன். ஒவ்வோர் அடியாக, பல்லைக் கடித்துக்கொண்டு, புது முட்டியைத் திட்டிக்கொண்டே தாண்டினாள். தாண்டியதும் கரையில் செத்த நேரம் குனிந்தபடி நின்றாள்.

"இந்த ஊர விட்டுட்டுப் போயி நான் அங்க என்னட்டி பண்ணுவேன்? பால்கனில நின்னு எந்தக் கோபுரத்தப் பாக்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்னால் நடந்தேன்.

தேரடிக்குப் போனபோது கூட்டம் கலைந்திருந்தது. முடிவு வளைவைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தேர் நிழலில் ஷீபா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"எங்கம்மா போனீங்க? எல்லாரும் வந்தாச்சு, உங்கள மட்டும் காணல. போன் அடிச்சா பைக்குள்ள இருந்து சத்தம் வருது! ஒவ்வொரு கிளிக் கல்லா திரும்பி ஓடித் தேடினேன். இதுக்குத்தான் சொல்லுதேன், உங்கள எப்படித் தனியா விட..."

சொல்லிக்கொண்டே எழ முயன்றாள். "ஐயோ!" என்று அப்படியே உட்கார்ந்தாள். ரெண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டன. திரும்பி ஓடியதில் பிடித்துக்கொண்டதாம். பக்கத்தில் ஒருவர் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தும் விடவில்லை.

கிரேஸ் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். சேறு அப்பிய சேலையில் மகளின் காலைத் தூக்கி வைத்தாள். கால் விரல்களை மெல்லப் பின்பக்கம் மடக்கினாள்.

"மூச்ச விடு. இன்னும்... நல்லா விடு. ஓடி முடிச்ச காலோட எதுக்குட்டி திரும்ப ஓடுன?"

"நீங்க விழுந்து கிழுந்து கிடப்பீங்கன்னு நெனச்சேன்மா" என்று மறுபடி அழுதாள் ஷீபா.

"கோபுரம் தெரியுற ஊருல நான் எங்க தொலையப் போறேன்?"

ஷீபா எழுந்தாள். ஆனால் நடக்க வரவில்லை. அம்மாவின் தோளில் கை போட்டுத் தொங்கிக்கொண்டு ஆட்டோ வரை வந்தாள். ரெண்டு பைகளும் கிரேஸின் இன்னொரு தோளில். நான் பின்னால் வெறுங்கையோடு வந்தேன். கேட்டேன், தரவில்லை.

ஆட்டோவில் கிரேஸ்தான் மெதுவாக ஆரம்பித்தாள். "அப்ப... பெட்டிய எப்பக் கட்டணும்?"

ஷீபா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் நாளைக்குப் போறேன். உங்களுக்கு எதுக்குப் பெட்டி?"

கிரேஸ் என் கையை அழுத்தினாள். நானும் அழுத்தினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களை விநோதமாகப் பார்த்தார்.

பழைய நாட்களை நினைத்துக்கொண்டே இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஞாபகத்தில் கண்மாய் எப்போதும் வற்றியே இருக்கிறது, கால் எப்போதும் ஓடத் தயாராகவே இருக்கிறது. நிஜத்தில் தண்ணீர் நிற்கும். சுற்றித்தான் போக வேண்டும். போனால் போகிறது, சேர்ந்து சுற்ற ஆள் இருந்தால் போதாதா?

நேற்று கிரேஸ் போன் பண்ணினாள். குரலில் ஒரே கவலை.

"காலு இன்னும் வலிக்குன்னு சொல்லுதா கோதை. இந்தப் பிள்ளைய ஓசூர்ல தனியா விடுறதுக்கு எனக்கு மனசே வரல. பேசாம இங்க கூட்டிட்டு வந்துருவமா?"